டிரைவர் வீட்டுப் பூனை

எலி கடித்த காக்கிச் சட்டையை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்ற அன்றுதான் பூனை வளர்ப்பது என்று முடிவானது. பையில் மிச்சமிருந்த கடலைமிட்டாய்க்காக எலி பையையே தின்றிருந்தது. மருந்து வைத்தால் பீரோவுக்குப் பின்னால் போய்ச் செத்து நாறும். அதை எடுத்துப் போடுவது யார்? நான்தான். அதனால் பூனை என்றேன். அவர், நாகராசு, புதுக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவர். உலகத்தில் உள்ள சகுனமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"பூனையா? டிரைவர் வீட்டுலயா?"

"அப்ப அடுத்த சட்டைய எலிக்கு அளவெடுத்தே தச்சுருவோம்," என்றேன்.

பக்கத்துத் தெரு ஜெயராணி அக்கா வீட்டில் மூன்று குட்டிகள் கிடந்தன. பிடரியைப் பிடித்துத் தூக்கும்போது காலை மடக்கிக்கொள்கிற குட்டிதான் எலி பிடிக்கும், காலைத் தொங்கவிடுகிறது சோம்பேறி என்று அக்கா தூக்கித் தூக்கிக் காட்டினார். இரண்டு மடக்கின. சாம்பல் நிறத்தில் இருந்த மூன்றாவது, நாலு காலையும் தொங்கப்போட்டுக்கொண்டு, என்னமோ நான் கடன்காரி மாதிரி என்னையே பார்த்தது. "அது வேணாம்டி, தின்னுட்டுத் தூங்கும்," என்றார் அக்கா. எனக்கு அதுதான் பிடித்தது. வழி தெரிந்து திரும்பி ஓடிவிடக் கூடாதென்று சாக்கில் போட்டு, சுற்றுவழியாகக் கொண்டுவந்தேன். உடைந்த பேசினில் மணல் கொட்டிக் குளியலறை ஓரம் வைத்தேன், சீக்கிரமே பழகிக்கொண்டது. பாலும் சோறும் மோந்துகூடப் பார்க்கவில்லை, நெத்திலிக் கருவாடு பிசைந்த சோறென்றால் மட்டும் காலைச் சுற்றிவந்தது. எலி பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் வாடைக்கே எலிகள் இடத்தைக் காலி செய்துவிட்டன.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. விடிவதற்கு முன்னால் முதல் நடைக்கு அவர் பைக்கை வெளியே தள்ளுவார். அந்த நேரம் பார்த்துப் பூனைக்கு எதிர்வீட்டுச் சுவருக்குப் போக வேண்டியிருக்கும். குறுக்கே போகும். அவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார். தினமும் இதே கூத்து. "வீட்டுப் பூனைக்கு என்னங்க சகுனம்? அது பாட்டுக்கு அதோட சோலியப் பாக்கப் போவுது," என்றால் முறைப்பார். நேரம் தவறுகிறதென்று முதலாளி போனில் வாங்கு வாங்கென்று வாங்கிய பிறகு இவர் தீர்மானமாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம லீவு. சாக்குல போட்டு நார்த்தாமல பக்கம் விட்டுட்டு வந்துருவேன். நீ அழுதாலும் சரி."

நான் ஏன் அழுகிறேன் என்றேன். அழத்தான் செய்தேன். மறுநாளிலிருந்து அவர் தெருமுனை தாண்டும்வரை பூனையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பால்காரர் கூப்பிட்டாரென்று எழுந்தேன். அவ்வளவுதான், நழுவி ஓடி, பைக்குக்கு நேர் முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏற்கெனவே நேரமாகியிருந்தது. தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். ஞாயிறுவரைகூட இது தாங்காது போலிருக்கிறதே என்பதுதான் அப்போது என் கவலை.

மத்தியானம் ஜெயராணி அக்கா ஓடிவந்தார். "ஏண்டி அன்பு, ஆலங்குடிக்கு அங்கிட்டு ஒரு பஸ்ஸு பள்ளத்துல எறங்கிருச்சாமே. நாகராசுத் தம்பி போன் பண்ணுச்சா?"

அவர் போன் அணைந்து கிடந்தது. கண்டக்டர் முத்துராஜ் எடுக்கவில்லை. விசாரித்துவிட்டு வருகிறேனென்று அக்கா கடைத்தெருவுக்குப் போனார். வாசற்படியில் பூனை வெயில் காய்ந்துகொண்டு கையை நக்கிக்கொண்டிருந்தது. காலையில் குறுக்கே போனது இதுதானே. இத்தனை நாள் சகுனத்தைக் கேலி செய்தவள் நான்தானா என்று தெரியவில்லை. பிடரியைப் பிடித்துத் தூக்கினேன். எதிர்க்கவேயில்லை. சாக்கில் போட்டு வாயைக் கட்டினேன். கட்டிய பிறகுதான் அது கத்தத் தொடங்கியது. எங்கே கொண்டுபோய் விடுவதென்று நினைக்கவில்லை. அது அந்தப் பக்கம் கத்த, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் வந்தால் போதும், அவர் வந்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பைக் சத்தம் கேட்டது. முழுசாக வந்து நின்றார். சட்டையெல்லாம் சேறு.

"எங்க வண்டி இல்லடி. பின்னால வந்த வண்டி. யாருக்கும் பெருசா ஒண்ணுமில்ல, சிராய்ப்புதான். எறக்கி ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டோம். ஆளாளுக்கு வீட்டுக்குப் பேசணும்னு எம்போன வாங்கி, சார்ஜு தீந்துபோச்சு."

அவர் நெஞ்சில் நாலு குத்துக் குத்தினேன். பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் சாக்கு அசைந்தது.

"அது என்னடி?"

அவர் சாக்கையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீயுமா?" என்றார்.

கோபமில்லை. குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "காலையிலேருந்து ஒவ்வொரு வளைவுலயும் எனக்கும் ஈரக்கொல நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இன்னைக்கி நான் ஹாரன் அடிக்காத எடமில்ல," என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

சாக்கிலிருந்து வெளியே விழுந்த பூனை நேரே கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"நீ கூப்புடு. ஒங்கிட்டத்தான வரும்."

"எங்கிட்ட வராதுங்க," என்றேன். "நீங்க கூப்புடுங்க."

அவர் சேற்றுச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து, "பூஸ், பூஸ்" என்று கையை உள்ளே நீட்டினார்.