தகரக் குரல்

முதல் குரல் என் வீட்டுக்காரருக்குப் பிடித்துத்தான் இருந்தது. தேன் ஒழுகும் பெண் குரல். எனக்குப் பிடிக்கவில்லை, காரணத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, மகள் கிளாரிசா கைப்பேசிக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தாள். திரையில் உள்ளதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் கைப்பேசி, ஈப்போவிலிருந்து அவள் வாங்கி வந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் எங்கள் கோயிலில் வாசகம் வாசித்தவர். சர்க்கரை வியாதி கண்ணைப் பறித்தது. விரல் நுனியும் மரத்துப்போனதால் பிரெய்லும் கைகூடவில்லை. அன்றிலிருந்து கடைசி பெஞ்சுதான். மறுநாள் கல்லறைத் திருநாள் பூசையில் முதல் வாசகத்தை ஃபாதரிடம் அவரே கேட்டு வாங்கியிருந்தார். இயர்போன் காதில் சொல்லச் சொல்ல, இவர் மைக்கில் சொல்ல வேண்டும். யார் துணையும் இல்லாமல் தனியாக நிற்க வேண்டுமாம்.

தேன் குரலைக் கேட்டு வாசித்தார். இவர் குரலிலும் தேன் ஒழுகியது. அடுத்து ஓர் ஆண் குரல்.

"என்னங்க, பேங்க்ல நம்பர் கூப்பிடற மாதிரியே இருக்கு," என்றேன்.

கிளாரிசா மாற்றிக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்று வந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, தகரத்தைத் தட்டியதுபோல் இருந்தது.

"அலாமா! இது வேணாம் டாடி. ரொம்பப் பழசுலா."

"இதுதாம்மா வேணும்," என்றார் அவர். "மத்ததெல்லாம் எனக்கு முன்னாடியே பேசி முடிச்சிருது. இது பேசல. தாள்ல எழுத்து கெடக்குற மாதிரி சும்மா கெடக்கு. பேசறது நான்லா."

அதைக் கேட்டு வாசித்தார். கண் போனதிலிருந்து நான் கேட்காத அவருடைய பழைய குரல் அது. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் தனியாகத்தான் நின்றார். தொடக்கம் நன்றாகவே போனது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. இயர்போனை அழுத்தினார். அழுத்தியபடியே நின்றார். சனம் தலையைக் குனிந்துகொண்டது.

கோபிப்பார் என்று தெரிந்தும், வாசகப் புத்தகத்தோடு எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன்.

மைக்கைக் கையால் பொத்தினார். "வேணாம் ஆலிஸ். போய் உக்காரு."

"நான் பேசலங்க," என்று காதோடு சொன்னேன். "எழுத்துதான் நான். நீங்க பேசுங்க."

அவர் இயர்போனைக் கழற்றினார்.

கடைக்காரரிடம் விலை கேட்டாலே நாடகம் போடுகிறவள் நான். அன்று மூச்சைக்கூட அடக்கி, ஒவ்வொரு வரியாகத் தட்டையாகச் சொன்னேன். அவர் குரல் மழையை மீறி வெளியே கல்லறைகள்வரை போனது. இறந்தவர்களைப் பற்றிய வரி வந்ததும் என் குரல் உடைந்தது. அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. காதை என் வாயருகே வைத்தபடி, நான் அதை மறுபடி தட்டையாகச் சொல்லும்வரை காத்து நின்றார்.