வெண்கல வாத்து

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்று வாசல் காவலாளிக்குப் புரியவேயில்லை. அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, கழிவறை எங்கே. அடுத்தது, போனுக்கு சார்ஜ் போட இடம் உண்டா. அதன்பின் கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் மூஞ்சியைத் தாங்களே படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கின்றன. ஒன்று நாக்கை நீட்டி நக்கியேவிட்டது. பெற்றவள் அதையும் படம் பிடித்தாள்.

வாரத்தில் ஒரு நாள் கதவடைப்பு. அன்றைக்கு அந்த மூக்குகளையும் நாக்குகளையும் ஈரத்துணியால் அழித்து, உலர்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் கிழவர். முன்பு இது அவர் மகளின் வேலை. மகள் வேலையிலிருந்து போன பிறகு, பெருக்க வந்த புதியவளைக் கண்ணாடிப் பக்கமே விடக் கூடாது என்று, அருங்காட்சியகப் பொருள்களுக்கெல்லாம் பொறுப்பான காப்பாளர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் வாசலோடு இதுவும் இவர் தலையில் விழுந்தது.

எடைக்கல் பெட்டிக்குப் பின்சுவரில் பூஞ்சணம் பூத்திருந்தது. பெட்டியை இழுத்துப் போட்டுச் சுவரைத் துடைக்கச் சொல்லியிருந்தார் காப்பாளர். கிழவர் தோளைக் கொடுத்துப் பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளினார். பின்பலகை ஈரத்தில் உப்பி, கீழ் ஓரத்தில் ஆணி கழன்று வாய் பிளந்திருந்தது. செத்த அந்துப்பூச்சிகள் இருந்தால் தட்டிவிடலாம் என்று அந்தப் பிளவுக்குள் டார்ச் அடித்தார். தூசிக்கும் பூச்சிச் சிறகுகளுக்கும் நடுவில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. விரல் நீளம். தலையைத் திருப்பி முதுகில் வைத்துத் தூங்குகிற வெண்கல வாத்து.

கிழவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய காலத்து வியாபாரிகள் தராசில் வைத்த எடைக்கற்கள் அவை. ஆமை, சிங்கம், வாத்து என்று உருவம் செய்திருந்தார்கள். கூடத்தின் தரை மரப்பலகை. பிள்ளைகள் ஓடினால் பெட்டி நடுங்கும். ஆமையும் சிங்கமும் அசையா. வாத்துக்கு அடிவயிறு சற்று வளைவு. கண்ணாடித் தட்டின் மேல் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, ஒவ்வொரு நாளும் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கும். அவர் மகள் காலையில் பெட்டியைத் திறந்து, "ராத்திரி எங்கடி போய்ட்டு வந்தே?" என்று கேட்டு அதை நேராக வைப்பாள். டிக்கெட் கொடுக்கிறவள் முதல் எல்லாருக்கும் அது பழகிய வேடிக்கை.

புதிதாக வந்த காப்பாளருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. கை வியர்வை பட்டால் உலோகம் பச்சை பிடிக்கும், இனி யாரும் தொடக் கூடாது என்றார். பெட்டிக்குள் அழகுக்காகக் கரும்பச்சைத் துணியைத் திரைபோலத் தொங்கவிட்டதும் அவர்தான். தட்டுக்கும் பின்பலகைக்கும் இடையில் இருந்த சந்து அந்தத் துணிக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கூடத்தில் குதித்து விளையாடினார்கள். மாலையில் பார்த்தால் வாத்து இல்லை.

"பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்றார் காப்பாளர். இன்னொன்று கிழவரின் மகளிடம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. வாசலைச் சாத்திப் பிடித்துக்கொள்ளும்படி கிழவருக்குச் சொல்லிவிட்டு, அவர் மகளின் பையை வாங்கி டிக்கெட் மேசைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை, துணியில் சுற்றி வைத்திருந்த பெண்கள் சமாச்சாரம். அடுத்த பேருந்துக்காக உள்ளேயே நின்ற பள்ளிக்கூடப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். பையில் வாத்து இல்லை. இல்லாததே அவள் கெட்டிக்காரி என்பதற்குச் சாட்சியாயிற்று. போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய மனசு என்றார்கள். மறுநாள் வாசலில் பலகை தொங்கியது: வேலை செய்பவர் யாராக இருந்தாலும் வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும்.

கிழவர் எழுந்தார். வாத்தை எடுக்கவில்லை. பலகையை அழுத்தி மூடி, பெட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தார்.

அன்றிரவு அவர் வீட்டுக்குப் போனபோது, மகள் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"வாத்து கிடைச்சிருச்சு" என்றார்.

அவள் முதலில் சிரித்தாள். "நான் அப்பவே தலையால அடிச்சிக்கிட்டேன்ல, அதுக்குக் கால் இருக்குன்னு. எங்க இருந்துச்சு?"

"பெட்டிக்குப் பின்னாடி. அங்கயேதான் கிடக்கு. நான் கை வெக்கல."

"அப்ப காலைல முதல் வேலையா அவரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்கப்பா. விழுந்த இடத்துலயே காட்டுங்க." அவள் பேச்சு வேகமெடுத்தது. "ஆஸ்பத்திரில துணிக் கிடங்குக்கு ஆள் கேக்குறாங்கன்னு சொன்னேன்ல? சாவி நம்ம கையில இருக்கிற வேலை. மியூசியத்துல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுச் சொல்றோம்னு இருக்காங்க. அவர் நல்லபடியா சொல்லிட்டா முடிஞ்சுது."

"காட்டுனா என்ன பண்ணுவான்? யாருக்கும் தெரியாம எடுத்துப் பழைய இடத்துல வெப்பான். 'சரி பெரியவரே, போய் வேலையப் பாருங்க'ம்பான். ஊரைக் கூட்டியில்ல உன் பையைக் கொட்டுனான்?"

"அதைப் பேசாதீங்க."

"பேசுவேன். அவன் பையும் அதே மேசைல கொட்டணும். நாலு பேர் பார்க்கணும்."

"எனக்கு அவர் பை வேணாம்ப்பா. என் பேருதான் வேணும்."

"ரெண்டும் ஒண்ணா வரும்."

அவள் அவரையே பார்த்தாள். "என்னமோ திட்டம் போடுறீங்க. மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சி பொறந்ததுலேருந்து இப்படித்தான் இருக்கு. நீ தூங்கு."

அடுத்த வாரம் சின்னப் பிள்ளைகளுக்கான விழா வந்தது. 'நாமும் காப்பாளர் ஆவோம்' என்று காப்பாளரே பெயர் வைத்திருந்தார். அருங்காட்சியகத்துக்கு நன்கொடை சேர்க்கிற சங்கத்தின் தலைவியும் வருகிறார். அன்று காலையில் மற்றவர்களுக்கு முன்பே வந்த கிழவர், பின்பலகையை நெம்பி வாத்தை எடுத்தார். கைக்குள் அது சில்லென்று இருந்தது; அளவுக்கு மீறிய கனம். இடுப்பில் செருகிக்கொண்டு போய் வாசலில் நின்றார்.

கூடத்தில் தரை முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள்; எல்லாம் பெரியவர்கள் அளவு, விரல்கள் தொளதொளவென்று தொங்கின. சாயம்போன மரக்கிண்ணத்தை மென்தூரிகையால் எப்படித் தூசி தட்டுவது என்று காப்பாளர் செய்து காட்டினார்.

"பொருளுக்கு வாய் கிடையாது கண்ணுங்களா. அதுக்கு வலிக்குதான்னு நாமதான் பார்த்துக்கணும்."

தலைவி கை தட்டினார். பெற்றவர்களும் தட்டினார்கள்.

அந்நேரம் தேநீர்த் தட்டோடு அலுவலக அறைக்குள் போன கிழவர், நாற்காலியில் மாட்டியிருந்த காப்பாளரின் தோல்பைக்குள் வாத்தைப் போட்டார். அடிவரை இறங்கட்டும் என்று மேலே கிடந்த துண்டைக் கொஞ்சம் விலக்கிவிட்டார். தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

விழா முடிந்து எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். வாசலில் பிள்ளைகள், பெற்றவர்கள், நடுவில் தலைவி. அவருக்கு வழி சொல்லிக்கொண்டே காப்பாளர். தோளில் பை.

கிழவர் குறுக்கே நின்றார்.

"சார், பை."

"என்ன பெரியவரே?"

"பையைக் காட்டணும். பலகைல யாராக இருந்தாலும்னு போட்டிருக்கு. நீங்க எழுதினதுதானே."

காப்பாளர் சிரித்தார். தலைவியும் சிரித்தார். "காட்டிடுங்க சார். பெரியவர் விட மாட்டார் போலிருக்கே!" பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "காட்டுங்க! காட்டுங்க!" என்று கத்தினார்கள். காப்பாளர் நாடகத்தில் ராஜா வாளை ஒப்படைப்பதுபோலப் பையை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார். கிழவர் அதை டிக்கெட் மேசைமேல் கவிழ்த்தார்.

மூக்குக் கண்ணாடிக் கூடு விழுந்தது. துண்டு, ரத்த அழுத்த மாத்திரை, பாதி கடித்த பன். கடைசியாக மேசையில் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம்.

"வாத்து!" என்றது ஒரு பிள்ளை.

யாரும் பேசவில்லை. இந்த அமைதிக்காகத்தான் கிழவர் ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் காத்திருந்தார். காப்பாளரின் முகம் வெளிறி, உதடு எதையோ தேடி அசைந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டார் கிழவர்.

"அடடே, இது அந்தக் காணாமப்போன எடைக்கல் இல்ல?" தலைவி அதைக் கையில் எடுத்தார். "உங்ககிட்டயேதான் இருந்துச்சா? சுத்தம் பண்ண எடுத்து வெச்சு மறந்துட்டீங்களா?"

காப்பாளர் தலைவியைப் பார்த்தார்; வாத்தைப் பார்த்தார். "அ... ஆமா. அப்படித்தான் இருக்கணும்."

"பாவம், மனுஷனுக்கு எவ்வளவு வேலை! என் வீட்டுக்காரரும் இப்படித்தான், மூக்குக் கண்ணாடியை நெத்தியில மாட்டிக்கிட்டே தேடுவார்" என்றாள் ஒரு தாய். எல்லாரும் சிரித்தார்கள். மேசையில் சிதறியதை நாலைந்து கைகள் பொறுக்கின. ஒருவர் கண்ணாடிக்கூட்டை ஊதித் துடைத்தார். பன்னைக்கூட யாரோ காகிதத்தில் சுற்றிப் பைக்குள் பக்குவமாக வைத்தார்கள். இன்னொருவர் போனைத் தூக்கி, "சார், வாத்தோட ஒரு படம்" என்றார்.

"அப்ப என் பொண்ணு?" என்றார் கிழவர்.

படத்துக்கு நின்ற தலைவி திரும்பினார். "எந்தப் பொண்ணு?"

"இங்க வேலை பார்த்தவ. இதைத் திருடிட்டான்னு துரத்துனீங்களே, அவ."

"அவங்களா? உடம்பு முடியாம நின்னுட்டாங்கன்னு இல்ல நான் நினைச்சேன்" என்ற தலைவி, காப்பாளரைப் பார்த்தார்.

"திருடினான்னு யாரும் சொல்லலையே மேடம். நம்பிக்கை குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்றார் காப்பாளர். பிறகு கிழவரின் தோளில் கை போட்டுக் குடை வைக்கிற மூலைக்குக் கூட்டிப்போனார். குரல் தணிந்தது.

"நீங்கதான் போட்டீங்க."

"போலீசைக் கூப்பிடுங்க."

"எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"பெட்டிக்குப் பின்னாடி. நீங்க துணி கட்டுன சந்துல விழுந்து கிடந்துச்சு. போன வாரமே பார்த்தேன்."

காப்பாளர் வாசல் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இப்போ சொன்னா யார் நம்புவாங்க? என் பையிலேருந்து வந்ததைத்தான எல்லாரும் பார்த்தாங்க."

"அவ எடுக்கலன்னு அங்க போய் இப்பவே சொல்லுங்க. அது போதும்."

"இன்னிக்கு வேணாம். விருந்தாளிங்க இருக்காங்க. சாவகாசமா சொல்லலாம்."

"ஆஸ்பத்திரிலேருந்து கேப்பாங்க. அங்கயாவது சொல்லுங்க."

காப்பாளர் தரையைப் பார்த்தார். "முந்தாநாளே போன் பண்ணிட்டாங்க. சாவி கையில குடுக்கிற வேலைன்னா யோசிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன். எனக்கு என்ன தெரியும்? பார்த்த அன்னிக்கே நீங்க என்கிட்ட வந்து காட்டியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன், பெரியவரே. சத்தியமா சொல்லியிருப்பேன்."

கிழவர் அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார்.

தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். அங்கே எல்லாரும் வாத்தைச் சுற்றி நெருக்கி நின்று படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடைசியாக வந்த, புதிதாகப் பெருக்குகிறவள், கூட்டத்தை ஒட்டிச் சுவரோரமாகத் தனியே நின்றாள். கிழவரைக் கண்டதும், அவர் கேட்காமலே, தன் துணிப்பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் குனிந்து பார்க்கவில்லை. அவளைக் கடந்து தெருவில் இறங்கி நடந்தார். அவள் பையை மூடலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.