தண்ணிப் பிரச்சனை

1.

வந்திருந்தவர்கள்: ஜன்னலோரம் தலைவர், கையில் மணிக்கட்டை விடப் பெரிய கடிகாரம். அவருக்கு வலப்பக்கம் பல் டாக்டரம்மா. எதிரே பேக்கரிக்காரரும் அவர் மனைவியும், நடுவில் ஒரு காலி நாற்காலி (வீட்டிலிருந்தே சண்டை). கடைசி வரிசையில் என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நான். ஓடுவதானால் என்னைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

இப்படி ஆரம்பித்ததற்குக் காரணம், இது முதலில் அண்ணிக்கு எழுதிய கடிதம். ‘யார், எங்கே என்று முதலில் எழுது, புலம்பல் அப்புறம்’ என்றுதான் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். அண்ணியோ மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டில் இருக்கிறார். “ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வரட்டும். அப்புறம் பேசலாம்” என்பது அவர் கடைசியாகச் சொன்னது. எங்கள் வீட்டுக் கடிதம் என்றாலே அவருக்குச் சத்தியம் செய்கிற வாசனை அடிக்கும். கதையென்றால் படிப்பார். அதனால் கதையாக்கினேன்.

2.

முதல் தொடக்கம்: ‘மழை கொட்டிய ஒரு மாலையில், உடைந்த மனிதன் ஒருவன்…’

மழை கொட்டவில்லை. அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை.’

இது இருக்கட்டும். ‘அது’ என்போம். ‘அவனுக்கு அது கொஞ்சம் அதிகம்.’ ரொம்பத் தைரியம் வந்தால் ‘தண்ணி’. குடி என்ற சொல் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

அதனால்தான் நூலகக் கட்டடத்து வாட்ச்மேனிடம் அண்ணன் காதோடு காதாகக் கேட்டான்: “தண்ணிப் பிரச்சனைக்குக் கூட்டம் நடக்குதாமே, எங்கண்ணே?”

“ரெண்டாவது மாடி. சீக்கிரம் போங்க, காரசாரமா போயிட்டிருக்கு.”

(கதவில் ‘குடியிருப்போர் நலச் சங்கம்’ என்று பலகை தொங்கியது. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததுமே அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மிச்சத்தை நானும் படிக்கவில்லை.)

3.

“புதுசா வந்திருக்கீங்க. உங்களுக்கும் தண்ணிப் பிரச்சனையா?” என்றார் தலைவர்.

அண்ணன் எழுந்து நின்றான். “ஆமா சார்.”

“எவ்வளவு நாளா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே.”

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷமாவா? யார்கிட்டயும் சொல்லலையா?”

“வெட்கமா இருந்துச்சு மேடம்.”

“இதுல என்னங்க வெட்கம்? இங்க எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தரும் அவனிடம் பேசியதில்லை. நான் உட்பட.

“காலையில அதிகமா, ராத்திரியா?” பேக்கரிக்காரர்.

“முன்னெல்லாம் ராத்திரி மட்டும். இப்ப காலையிலயே ஆரம்பிச்சிடுது.”

“எங்களுக்குக் காலையில ஒரு சொட்டு கிடையாது.”

“குடுத்துவெச்சவங்க” என்றான் அண்ணன்.

“வீட்ல என்ன சொல்றாங்க?” டாக்டரம்மா.

“பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா.”

தலைவர் மேசையைத் தட்டினார். “கேட்டீங்களா? குடும்பமே காலி பண்ணிட்டுப் போற நிலைமை. சார், உங்க வீட்டு மோட்டார் எத்தனை குதிரைசக்தி?”

4.

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். மூன்று விதமாக முடிக்கலாம்.

அ) அண்ணன் ஓடிப்போகிறான். (எதிர்பார்த்துத்தான் நாற்காலி போட்டிருந்தேன்.)

ஆ) டாக்டரம்மாவே ஒரு காலத்தில் குடித்துத் திருந்தியவர், அவன் கையைப் பிடித்து… அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு இருந்தது குழாய்ப் பிரச்சனை மட்டும்தான். அடித்துவிட்டேன்.

இ) நடந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் முழங்காலை ஒதுக்கி வழி விட்டேன். அவன் நகரவில்லை.

“மோட்டார் இல்ல சார். நான் குடிக்கறவன். குடிய நிறுத்தணும்னு வந்தேன். அறை மாறிடுச்சு.”

அந்தச் சொல்லை அவன் வாயால் அன்றுதான் கேட்டேன். குரல் சாதாரணமாக இருந்தது, எந்த மாடியில் லிஃப்ட் நின்றுபோனது என்று சொல்கிற மாதிரி.

தலைவர் கடிகாரத்தைத் திருகிக்கொண்டார். “அது கீழ் மாடி. ஜெராக்ஸ் மெஷின் ரூம். போன மாசம் நான் தெரியாம அங்க நுழைஞ்சு, தண்ணிப் பிரச்சனைன்னேன். டீ குடுத்து உட்கார வெச்சு, எல்லாரும் கை தட்டினாங்க.”

பேக்கரிக்காரரின் மனைவி சிரித்தார். பேக்கரிக்காரரும் சிரித்து, அவர் பக்கம் திரும்பினார்.

“போங்க” என்றார் டாக்டரம்மா. “இங்க சொன்னதையே அங்கயும் சொல்லுங்க. நல்லாத்தான் சொன்னீங்க.”

5.

கீழே என்னை உள்ளே விடவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் என்ன பேசினான் என்று தெரியாது, கற்பனையும் செய்ய மாட்டேன். கதவு வழியாக ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது, பத்துப் பேர் சேர்ந்து சிரித்த மாதிரி. மோட்டார் விஷயமாகத்தான் இருக்கும். அதில் அவன் சிரிப்பும் இருந்தது.

வெளியே வந்தவனிடம், “அடுத்த வாரம் போவியா?” என்றேன்.

“நாற்காலி எடுத்துப் போடற வேலைய எங்கிட்ட குடுத்திருக்காங்க. போகலன்னா எல்லாரும் நின்னுக்கிட்டுல்ல இருக்கணும்?”

‘அண்ணி, இனிமேல் அவன் ஒருபோதும்…’

இல்லை. அடித்துவிட்டேன். கூட்டத்துக்குப் போனான், உட்கார்ந்தான், திரும்பி வந்தான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டதும் இவ்வளவுதான். ‘அப்புறம் பேசலாம்’ என்றீர்களே, அந்த அப்புறம் உங்களுடையது. கடைசித் தாளின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பசை டப்பாவோடு அண்ணன் பக்கத்தில் நிற்கிறான். படித்துக் காட்டச் சொல்லவில்லை.

“மோட்டார் விஷயம் எழுதினியா?”

“எழுதினேன்.”

“குடின்னே எழுதியிருக்கியா? ‘அது’ன்னு எழுதலையே?”

“குடின்னுதான்.”

“சரி, குடு” என்கிறான். தாளை மடிக்கிறேன். உறையை அவனே ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு தபால் பெட்டிக்குப் போகிறான்.