பன்றிக்கு வேண்டிய சத்தம்

1

"எங்கப்பா காதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

எஸ்டேட் ஆபீசில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காவல்காரர் தவசி மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "மந்தம்னு தெரிஞ்சா சோலி போயிரும் ஆத்தா." சோலையம்மாள் கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் பி.ஏ. வரை போன முதல் ஆள் அவள்தான்.

(கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறாம் வருஷம், போடிமெட்டு பஸ்சு. ஒரு ஆள் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டப் போனபோதுதான் தெரிந்தது, ஏலத்தோட்டக் காவல்காரர். பன்றி விரட்டத் துப்பாக்கி சுட்டுச் சுட்டுக் காது போய், உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார்.)

2

மலைச்சரிவில் பனி மெல்ல...

வேண்டாம். பனிக்கு இங்கே வேலையில்லை.

தவசி பன்றியைக் கொல்லச் சுடுவதில்லை, விரட்டத்தான். இடது காது செத்துவிட்டது. பின்னால் யானை வந்தால் வலது காது ஒன்றுதான் சொல்லும். அதுவும் போனால் ஆளும் போவார்.

3

மானேசர் ராக்கையா சிரித்தார். "தோட்டத்துக்கு வேண்டியதே சத்தம்தாம்மா. ஊமைத் துப்பாக்கிய வச்சுப் பன்னிக்குத் தாலாட்டா பாடுறது?"

"பன்னிக்கு வேண்டிய சத்தத்த எங்கப்பா காதுல ஏன் ஊத்துறீங்க? காவக் குடிசைக்கு முன்னால கனமா மண்சுவரு வைங்க. ஓட்டை வழியா குழலை வெளிய நீட்டிச் சுடட்டும். சுத்திச் சாக்கை அடைங்க. காதுக்கு மெழுகுப் பஞ்சு."

"பஞ்ச வச்சுக்கிட்டா யானை வர்றது தெரியுமா?"

"சுடுறப்ப மட்டும் வைக்கட்டும்."

"செவிட்டுக் காவக்காரன் எனக்கெதுக்கு? நாளைக்கே மலையவிட்டு எறக்கிவிட்டுர்றேன்."

(முதல் பிரதியில் இந்த இடத்தில் ராக்கையா மனம் இளகி... கிழித்துவிட்டேன். இளகுகிற ஆளென்றால் தவசி ஏன் பயப்படுகிறார்?)

"எறக்குங்க. அடுத்து வர்றவன் காதையும் தின்னுட்டு அவனையும் எறக்குவீங்களாக்கும்?"

4

முடிவு ஒன்று: தவசி வேலையிழந்து சொந்த ஊரான ராசிங்காபுரம் திரும்புகிறார்.

முடிவு இரண்டு: சுவர் எழும்புகிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் தீர்மானிக்கிறவர் ராக்கையாதான். அப்புறம் இவள் எதற்கு இவ்வளவு தூரம் மலையேறி வந்தாள்?

"சுவரு எழும்புற வரைக்கும் ஒரு காவக்காரனும் சுடமாட்டான்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"இனிமேத்தான் சொல்லணும்."

வெளியே வந்துவிட்டாள். மேட்டில் காவல்காரர்கள் மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சம்மதிப்பார்களா, சிரிப்பார்களா? நான் எழுதமாட்டேன். உங்களையும் அந்தப் பந்தியில் உட்காரவைத்துவிட்டேன். பதிலை யோசித்து வையுங்கள். ஏறி வந்துகொண்டிருக்கிறாள்.