நகத்தளவு முகம்

போர் முடிந்த நாட்களில் சரணடைந்தவர்களை பஸ்ஸில் ஏற்றும் வீடியோ ஒன்றில் காணாமல்போன மகன் கோபிசங்கரைக் கண்டுவிட்டதாகக் குணலட்சுமி நம்பினாள். கூட்டத்துக்குள் ஒரு கணம் திரும்பிப் பார்க்கும் நகத்தளவு முகம். பழைய ரீவியில் அந்த சீடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தினமும் விளக்கு வைப்பாள்.

பிள்ளையைப் பெரிதாகப் பார்க்கட்டுமே என்று அவள் புருஷன் பரமலிங்கம் அகலத்திரை ரீவி ஒன்றை வாங்கிவந்தார். பழையதை அறைக்குள் தூக்கி வைத்துவிட்டுப் புதியதைச் சுவரில் பூட்டி, சீடியை ஓடவிட்டார்.

பஸ் வந்தது. அந்தப் பெடியன் திரும்பினான். பரமலிங்கம் படத்தை நிறுத்தினார். முகம் இப்போது உள்ளங்கையளவு இருந்தது. சின்ன வயதில் நாய் கடித்ததில் கோபியின் இடது காதில் பாதி போய்விட்டது. இந்தப் பெடியனின் இடது காது முழுசாக இருந்தது.

எந்த விசரன் இதை வாங்கச் சொன்னான் என்று பரமலிங்கம் மனதுக்குள் தன்னையே திட்டினார். அவள் கவனிக்கமுன் அணைத்துவிட வேண்டும்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் குணலட்சுமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதைக் கழட்டிப்போட்டுப் பழசைக் கொண்டுவந்து வையுங்கோ. என்ரை பிள்ளை அதிலைதான் இருக்கிறான்.”