மந்தை போன மலை

வட வேல்ஸில் உள்ள ஹவோட்வென் பண்ணையின் மலை, பண்ணைக்காரர் எம்ரிஸ் தன் ஆட்டு மந்தையை விற்ற மறுவாரமே அவரை மறந்துவிட்டது. அந்த மலைக்கு வேலி கிடையாது. தாயாடு குட்டிக்குக் காட்டிக்கொடுத்த எல்லைதான் எல்லை. அந்த எல்லைக்குள் அடங்கும் மேய்ச்சல் இடத்துக்கு அவர்கள் மொழியில் 'கனெவின்' என்று பெயர். மனிதர்கள் தாங்கள் பிறந்து புழங்கிய மண்ணையும் அப்படித்தான் சொல்வார்கள். சொல் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று படித்தவர்கள் வாதாடலாம். ஆட்டிடமிருந்து மனிதன் வாங்கியது என்பதில் மேய்ப்பர்களுக்குச் சந்தேகமில்லை. பண்ணை கைமாறினால் மந்தையும் மலையோடு சேர்ந்தே கைமாறும். எம்ரிஸுக்குத் தான் ஊரைவிடக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

"மலைய வெச்சுக்கிட்டு மந்தைய மட்டும் விக்கிறியா? தலைய வெச்சுக்கிட்டு கண்ண விக்கிற கதையா இருக்கு" என்றார் பக்கத்துப் பண்ணை மைரிக்.

"அதுங்க புல்லுதானே திங்குது, பாடமா நடத்துது?"

முதலில், ஓடைக்குப் போன எம்ரிஸ் இருட்டிய பிறகுதான் திரும்பினார். பிறகு வரவே இல்லை. தன் வீட்டு வாசலையே அவர் கடந்து கடந்து போவதை மனைவி லௌரி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கூப்பிட்டால் எதிர்த்திசையில் நடந்தார். கையைப் பிடித்து இழுத்தால் படி வரை வருவார். படி தாண்டும்போது அவள் கையில் வெறும் கையுறைதான் இருக்கும். பனி விழுமுன் உள்ளே வராவிட்டால் செத்துப்போவார்.

லௌரிக்கு மட்டும் வழி தப்பவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷமாகியும் ஊருக்கு அவள் அடுத்த பள்ளத்தாக்குக்காரிதான். "வந்தவளுக்கு என்ன? மலைக்கு அவள தெரிஞ்சாத்தானே மறக்கும்" என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அது அவளுக்கு வலித்தது.

விற்ற ஆடுகள் எல்லாம் கறியாகிவிட்டிருந்தன. மிஞ்சியது, வாங்கியவரின் தொழுவத்தில் கிடந்த நொண்டி ஆடு ஒன்றுதான். மைரிக்கின் வண்டியில் அதை ஏற்றி வந்து மலையில் இறக்கினாள். அது தயங்காமல் எல்லையைச் சுற்றி நடந்தது; அதன் பின்னாலேயே எம்ரிஸ் நடந்தார். அந்தியில் ஆடு வீட்டுச் சுவரோரம் வந்து படுத்தது. அவர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, சூப் கேட்டார்.

"ஆட்ட விட்டுட்டு இனிமே எங்கயும் போயிடாதீங்க."

"நான் எங்க போனேன்?"

அதற்கப்புறம் ஆடு வந்தால் அவர் வந்தார், வராத நாளில் வரவில்லை. ஆடு கிழடு தட்டியது. குட்டி எதுவும் தங்கவில்லை. குளிரில் அது இருமும்போதெல்லாம் லௌரி எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள்.

வருஷங்கள் போயின. ஒரு மார்ச் மாதம் தண்ணீர் எடுக்கப் போன லௌரி, நிறைந்த வாளியோடு பாதையில் அப்படியே நின்றுவிட்டாள். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தன் வயல் சுவருக்கு அந்தப் புறமிருந்து மைரிக் வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"இப்பதான் அண்ணி நீங்க நம்ம ஊர்க்காரி ஆயிருக்கீங்க."

லௌரி வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டுக்காகக் காத்திருந்தாள். மேலே, மூடுபனிக்குள், அது இருமிக்கொண்டிருந்தது.