இடது கன்னம்

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததில் ஒரு தவறு என்னுடையது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். விசா விண்ணப்பத்துக்கு எடுத்த போட்டோவைப் போன வாரமே வாங்கிப் பார்த்தேன். என் இடது கன்னத்துத் தழும்பு அதில் இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதில் அழகாக இருந்தேன். அப்படியே உறைக்குள் வைத்துவிட்டேன்.

காலையில் விசா மையத்தில் கவுன்ட்டர் பெண் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இது உங்க தங்கச்சியா?"

"நான்தான்."

"முகமும் போட்டோவும் ஒத்துப்போகலையேம்மா. நாளைக்கு வேற போட்டோவோட வாங்க. உங்களுக்கு நாளைதான் கடைசி."

நாளைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் நான் போகவிருக்கும் நாட்டு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எனக்கு ஒதுக்கிய இடம் வேறொருவருக்குப் போய்விடும். பகலெல்லாம் இங்கே ஒரு சலவைக்கூடத்தில் ஸ்டீம் பிரஸ்ஸில் துணி தேய்த்துவிட்டு, மாலையில் அவர்கள் மொழி படிக்க வகுப்புக்கு ஓடுவது அந்த ஓர் இடத்துக்காகத்தான். வகுப்பில் நான் மந்தம். வாயைத் திறந்தாலே நாக்கு மடங்கிக்கொள்கிறது.

விசா மையத்திலிருந்து நேராக, எனக்கு இந்த வேலையை ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்டிடம் போனேன். மேசையில் ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதால் அவரை எல்லோரும் 'சீல்' என்பார்கள். நான் போன் செய்திருந்ததால் சித்தி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா இறந்த பிறகு நான் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன்.

சீல் பதறவே இல்லை. "போட்டோவை எதுக்கு மாத்தணும்? உன் பாஸ்போர்ட் போட்டோ நீ கன்னத்துல சூடு பட்டுக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. அதுல தழும்பு கிடையாது. அதனாலதான் போட்டோக்காரர்கிட்ட இதுலயும் அதை அழிச்சுடச் சொன்னேன். பாஸ்போர்ட், போட்டோ, மூஞ்சி, மூணும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு சரியா இருக்கு. தகராறு பண்றது உன் மூஞ்சிதான்."

"மேக்கப் போடற பொண்ணு ஒருத்தி எனக்குத் தெரியும்," என்றாள் சித்தி. "விடியக்காலையில வரச் சொல்றேன். நீ கவுன்ட்டர்ல சிரிக்காம மட்டும் இரு. உதிர்ந்துடும்."

"அங்க போய் இறங்கினப்புறமும் பூசிட்டு நிக்கணுமா?"

"இறங்கிட்டா உன் கன்னத்தை யாருடி பாக்கப்போறா?"

யாராவது அதட்டினால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். பதில் எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றும். இன்று எப்படியோ நேரத்துக்கு வந்துவிட்டது.

"இது ஸ்டீம் பிரஸ் போட்ட தழும்பு. அவங்க கூப்பிடறதும் ஸ்டீம் பிரஸ் வேலைக்கு. நான் எதுக்கு மறைக்கணும்?"

"பேச நல்லாத்தான் இருக்கு," என்றார் சீல். "பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பினாங்கன்னா, இந்தப் பக்கம் வந்துடாதே."

"வரலை. என் ஃபைலைக் குடுங்க."

அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி ஃபேனைப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து ஃபைலை மேசையில் போட்டார். அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

படியிறங்கும்போது சித்தி ஆரம்பித்தாள். "கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு. அந்த ஆளையும் விட்டா நமக்கு யாரு இருக்கா?"

"ஃபாரம் பூராவும் நான்தான் சித்தி எழுதினேன். அவர் சீல் மட்டும்தான் குத்தினார்."

முதல் போட்டோ எடுத்த கடை வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

போட்டோக்காரர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். "அந்தப் பக்கம் முடியை முன்னால விடும்மா. தலையைக் கொஞ்சம் திருப்பிக்க."

"நேராவே எடுங்க."

எடுத்தார். படம் திரையில் வந்ததும் அவர் கை தானாக மௌஸைக் கன்னத்துக்கு நகர்த்தியது.

"தொடாதீங்க," என்றேன்.

"லேசா மங்கலாக்கறேன். ரொம்ப எடுப்பாத் தெரியுது."

"தெரியட்டும்."

"கவர்ல என் கடை பேர் இருக்கும்மா. பாக்கறவங்க எனக்குத் தொழில் தெரியாதுன்னு நினைப்பாங்க."

இதுவரை வாசலில் நின்றிருந்த சித்தி உள்ளே வந்தாள். "அப்போ உங்க கடை பேரை அழிச்சுக்குங்க. அவ கன்னத்தை விட்டுடுங்க."

அவர் அப்படியே பிரின்ட் போட்டார்.

வெளியே வந்ததும் சித்தி சொன்னாள். "இதுக்காக நான் உன் பக்கம்னு நினைச்சுக்காதே. அந்தாளு பேசினது பிடிக்கலை, அவ்வளவுதான்."

போட்டோ இப்போது என் முன்னால் இருக்கிறது. அழகாக இல்லை. காதோரத்திலிருந்து உதடு வரை, அவசரத்தில் தேய்த்த துணியில் விழுந்த மடிப்பு மாதிரி அது ஓடுகிறது. தங்கச்சியா என்று இதைப் பார்த்து யாரும் கேட்க முடியாது.

வகுப்புக்குப் போகவில்லை. அந்த நேரத்தில், சூடுபட்டபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்தேன். யாராவது கேட்டால் அவர்கள் மொழியிலேயே சொல்ல இரண்டு வரி எழுதிப் பழகினேன்: 'இயந்திரம் சுட்டது. அதே இயந்திரத்தில்தான் இன்றும் வேலை செய்கிறேன்.' பிழை இருக்கலாம். இருந்தாலும் சொல்வேன்.

சீல் சொன்னதுதான் சரியோ என்ற பயம் இன்னும் போகவில்லை. திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். அனுப்புவதென்றால் என்னை அனுப்பட்டும். அந்தத் தங்கச்சிக்கு விசா கிடைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

நாளை: எட்டரைக்கு விசா மையம். பாஸ்போர்ட், புதுப் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றும் ஃபைலில் இருக்க வேண்டும். முடியை இடது காதுக்குப் பின்னால் இழுத்துக் கொண்டை ஊசி குத்திக்கொண்டு போக வேண்டும்.